விற்கச் சேர்ந்தோம், வாங்கச் சேர்ந்தோமா?

சேலம், நாமக்கல் சீமைக்காரர்களுக்குக் கூட்டுச் சேரத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு சேகோ ஆலைக்காரரும் தம் மூட்டைகளை வைத்துக்கொண்டு வியாபாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரி சொன்னதுதான் விலை. 1981-ஆம் வருஷம் அவர்கள் ஒரு கூட்டுறவு ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, ‘சேகோசர்வ்’ என்று பெயரிட்டு, எல்லோர் மூட்டைகளையும் ஒரே கிடங்கில் அடுக்கினார்கள். அன்று முதல் வியாபாரி டெண்டர் போட வேண்டியவராக ஆனார். முட்டையும் அப்படித்தான். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஏற்பட்ட பிறகு, நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலை என்று ஒன்று அறிவிக்கப்படுகிறது. பத்திரிகைகளில் தங்கத்தின் விலைக்குப் பக்கத்தில் அதுவும் இடம்பிடிக்கிறது. பாலுக்குச் சங்கம் உண்டு. லாரிக்குச் சங்கம் உண்டு. விற்பதற்கு ஒன்று சேர வேண்டும் என்ற ஞானம் இந்த மண்ணில் யாருக்கும் குறைவில்லை.

இதே ஜனங்கள் மின்சாரம் என்று வந்துவிட்டால் மட்டும் ஏன் தனித்தனி ஆட்களாகிப் போகிறார்கள்? நான் வீட்டுக்காரர்களைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்கிறேன்; பஞ்சாயத்தை, பேரூராட்சியை, நகராட்சியைச் சொல்கிறேன். சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாக்களையும் சேர்த்தால் சுமார் எழுநூறு கிராமப் பஞ்சாயத்துகள். ஒவ்வொன்றுக்கும் தெருவிளக்கு உண்டு. ஆழ்துளைக் கிணறும், மோட்டாரும், மேல்நிலைத் தொட்டியும் உண்டு. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு மீட்டர். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பில். எழுநூறு ஊர்களும் ஒரே கடையில் ஒரே சரக்கை, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல், கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஜவ்வரிசி விற்கும்போது இருந்த சாமர்த்தியம் வெளிச்சம் வாங்கும்போது எங்கே போயிற்று?

‘கதை எழுதுகிறவனுக்கு ஏன் இந்த மின்சாரக் கணக்கு?’ என்று சிலர் நினைக்கலாம். ராசிபுரம் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: “ஏனுங்க, உங்களுக்கு வேற சோலி இல்லீங்களா?” என்று. அவர் கேட்டது நியாயம். ஆனால் அவரே சற்று நேரம் கழித்து, தம் பஞ்சாயத்தின் வரவு செலவை எடுத்துச் சொன்னபோது, அதைவிடச் சோகமான கதையை நான் எழுதியதில்லை என்று எனக்குத் தோன்றியது. பஞ்சாயத்துக்கு வங்கியில் கணக்குகள் தனித்தனியே உண்டு. அதில் ‘இரண்டாம் கணக்கு’ என்று ஒன்று. சர்க்கார் கொடுக்கும் மானியத்தில் ஒரு பகுதி அங்கே போய் விழும். மின்சாரக் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் என்று ஒதுக்கப்பட்ட பணம் அது. “பணம் வர்றதும் தெரியாது, போறதும் தெரியாதுங்க. பேரு மட்டும் நம்ம பஞ்சாயத்துப் பேரு” என்றார் அவர்.

நான் இந்தக் கட்டுரை எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான். ஒரு ஊர் தன் பணத்தைத் தான் செலவழிக்கிறது என்பதைக்கூட உணராமல் செலவழிக்குமானால், அந்த ஊர் பேரம் பேசுமா? 2022 செப்டம்பரில் மின்கட்டணம் பெரிதாக உயர்ந்தது. விலைவாசிக் குறியீட்டை ஒட்டி வருஷந்தோறும் கட்டணத்தைத் திருத்தும் ஏற்பாடும் அதே உத்தரவில் வந்தது. வீட்டுக்காரர்கள் கூச்சலிட்டார்கள். ஆலைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விசைத்தறிக்காரர்கள் போராடினார்கள். பஞ்சாயத்துகள் என்ன செய்தன? இரண்டாம் கணக்கிலிருந்து கூடுதலாகப் பணம் போயிற்று, அவ்வளவுதான். அந்தக் கூடுதல் பணத்தில் போட்டிருக்கக்கூடிய சாக்கடையையும், பழுது பார்த்திருக்கக்கூடிய பள்ளிக்கூடக் கூரையையும் யாரும் பில்லில் அச்சடிப்பதில்லை.

இந்தச் சீமைக்கு மின்சாரம் புதிய சரக்கு அல்ல. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. 1937-இல் அதன் அடியிலேயே மின்சாரம் பிறந்தது. அனல் மின்நிலையத்தில் 840 மெகாவாட், பின்னால் சேர்ந்த புதிய பிரிவில் 600 மெகாவாட், அணைக்குக் கீழே காவிரியில் வரிசையாகக் கட்டிய கதவணைகளில் ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் என்று, நம் கண்ணெதிரே காவிரிக் கரை முழுவதும் மின்சாரம் உற்பத்தியாகிறது. புகையும் சாம்பலும் நமக்கு. பேரம் பேசும் உரிமை மட்டும் நமக்கில்லை.

அந்த உரிமை ஒரு காலத்தில் சட்டத்திலேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1910-ஆம் வருஷத்து இந்திய மின்சாரச் சட்டத்தை வெள்ளைக்காரன் செய்தான். ஒரு நகராட்சி எல்லைக்குள் தனியார் கம்பெனி ஒன்று மின்சாரம் விநியோகித்தால், லைசென்ஸ் காலம் முடிந்ததும் அந்தக் கம்பெனியின் தொழிலை விலைக்கு வாங்கிக்கொள்ளும் விருப்புரிமையை அந்த நகராட்சிக்கே அவன் கொடுத்திருந்தான். சேலத்தில் அப்படி ஒரு கம்பெனி இருந்தது. சேலம்-ஈரோடு மின்சார விநியோகக் கம்பெனி என்று பெயர். தொழிலாளர் தகராறு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் வரை போன பெயர் அது. சுதந்திரம் வந்தது. 1957 ஜூலை முதல் தேதி நம் மாகாணத்துக்கு மின்சார வாரியம் வந்தது. 1959-இல் அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் உரிமை மின்சார வாரியத்துக்கு. அது வேண்டாம் என்றால் ராஜ்ய சர்க்காருக்கு. அதுவும் வேண்டாம் என்றால்தான் நகராட்சிக்கு! பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பிக் கடைசி இலைக்கு அனுப்பிய கதை இது. பின்னால் தனியார் கம்பெனிகள் சர்க்கார் வசமாயின. நகராட்சிகள் பில் கட்டுகிற வாடிக்கைக்காரர்களாக நின்றன.

வாரியத்தை நான் தூற்றுகிறேன் என்று எண்ண வேண்டாம். லாபத்தை மட்டும் பார்க்கும் கம்பெனியிடம் விட்டிருந்தால் கொல்லிமலை அடிவாரத்துக் குக்கிராமத்துக்கு ஒரு கம்பமும் போயிருக்காது. பம்பு செட்டுக்கும் குடிசைக்கும் கரண்டு கொடுத்தது வாரியம்தான். அந்த நன்றியை மறக்கச் சொல்பவன் நானல்ல. ஆனால் கொடுத்த கைக்கு நன்றி சொல்வது வேறு. எக்காலத்துக்கும் கையேந்தி நிற்பது வேறு.

சட்டம் மறுபடியும் நம் பக்கம் திரும்பியது. 1992-இல் செய்த அரசியல் சட்டத் திருத்தத்தில் பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க காரியங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். கிராம மின்மயம், மின்சார விநியோகம் உட்பட, அதில் இருக்கிறது. மரபு சாராத எரிசக்தியும் இருக்கிறது. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கிராமப்புறங்களில் மின்சாரத்தை மொத்தமாக வாங்குவதும், உள்ளூர் விநியோகத்தை நிர்வகிப்பதும் பஞ்சாயத்துகள், உபயோகிப்போர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் போன்றவை மூலம் நடக்கும்படி தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்று ஐந்தாவது பிரிவில் எழுதி வைத்தார்கள். ‘மொத்தமாக வாங்குவது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இது என் கற்பனை அல்ல. பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம். இருபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. நம் பஞ்சாயத்துகள் இன்றும் சில்லறை வாடிக்கைக்காரர்கள்தாம்.

அதே சட்டத்தை வேறு சிலர் எவ்வளவு அழகாகப் படித்துக்கொண்டார்கள் தெரியுமா? நூற்பாலை முதலாளிகள் படித்துக்கொண்டார்கள். 2008-க்குப் பிறகு சில வருஷங்கள் தமிழ்நாட்டை மின்வெட்டு வாட்டி எடுத்தது. ஆலைக்காரர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். பலர் சேர்ந்து ஒரு மின்நிலையத்தில் நூற்றுக்கு 26 பங்குக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, உற்பத்தியில் 51 பங்குக்குக் குறையாமல் தாங்களே உபயோகித்தால், அது ‘சொந்த உபயோக’ மின்நிலையம் என்று விதி சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களின் சலுகைக்காக வசூலிக்கும் கூடுதல் கட்டணத்தையும் கட்ட வேண்டியதில்லை. காற்று அடிக்கும் தென்கோடியில் காற்றாலை நின்றது. நூல் இங்கே நம் ஊரில் சுற்றியது. நடுவில் இருந்த கம்பமும் கம்பியும் வாரியத்துடையவை. அதற்கு வாடகை கொடுத்தார்கள். முதலாளி சேர்ந்தால் அது புத்திசாலித்தனம். பஞ்சாயத்து சேர்ந்தால் மட்டும் அது நடவாத காரியமா?

நடவாத காரியம் இல்லை என்பதற்கு மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்திலுள்ள ஓடந்துறைப் பஞ்சாயத்தே சாட்சி. 2006-இல் அந்த ஊர், வங்கியில் கடன் வாங்கி, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில், உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தியது. ஊருக்கு வேண்டிய மின்சாரம் போக மீதியை வாரியத்துக்கே விற்றது. அதைப் பார்த்துவிட்டுப் போக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரம் பஞ்சாயத்துகளில் ஓடந்துறை இன்னும் ஓர் அதிசயமாகவே பேசப்படுகிறது! அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு ஊர் செய்துகாட்டிய காரியத்தைப் பாடமாகக் கொள்ளாமல் வேடிக்கையாகக் கொண்டாடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம்.

தெலங்கானாவில் சிரிசில்லா என்று ஒரு தறி ஊர் இருக்கிறது. நம் பள்ளிபாளையம், குமாரபாளையம் போல. அங்கே 1970-இல் ஆரம்பித்த மின்சாரக் கூட்டுறவுச் சங்கம், மின்சாரத்தை மொத்தமாக வாங்கித் தன் அங்கத்தினர்களுக்கு விநியோகம் செய்துவந்திருக்கிறது. கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சி, பழைய நகராட்சி எல்லைக்குள் தானே மின்சாரம் விநியோகிக்கிறது. அந்த ஊர் விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்து 1936-இல் ஜனங்கள் பெரும் கிளர்ச்சி செய்தார்கள். அப்போது கொச்சி திவானாக இருந்தவர் நம் கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். கடல் கடந்து போனால், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில், கேப் காட் என்ற கடலோரப் பிரதேசத்தின் ஊராட்சிகள் 1997-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, இருபத்தொரு ஊர்களின் மின்சாரத் தேவையை ஒன்றாகக் கூட்டிப் பேரம் பேசுகின்றன. கம்பமும் கம்பியும் பழைய கம்பெனியுடையவை. வாங்குகிற பேச்சுவார்த்தை மட்டும் ஊர்களுடையது. வேண்டாம் என்கிற குடும்பம் விலகிக்கொள்ளலாம். 2002-இல் கலிபோர்னியாவும் இதற்குச் சட்டம் செய்தது.

இனி நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடுத்தரமான ஒரு பஞ்சாயத்து. இருபது வாட் எல்.ஈ.டி. விளக்குகள் இருநூறு என்றால் 4 கிலோவாட். ஏழரைக் குதிரைசக்தி மோட்டார் ஐந்து என்றால் ஏறக்குறைய 28 கிலோவாட். ஆக 32. இது தனியாகப் போய் நின்றால் யார் மதிப்பார்கள்? ஒரு யூனியனில் உள்ள இருபது பஞ்சாயத்துகள் சேர்ந்தால் 640 கிலோவாட். எழுநூறு பஞ்சாயத்துகளும் சேர்ந்தால் இருபத்திரண்டு மெகாவாட்டுக்கு மேல். காவிரிக் கதவணை ஒன்றின் மின்நிலையத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு. சேலம் மாநகராட்சியும் மற்ற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் வந்து சேர்ந்தால் இன்னும் எவ்வளவோ.

அளவு மட்டுமல்ல. நம்மிடம் இன்னொரு துருப்பும் இருக்கிறது. வீட்டுக்காரனுக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஃபேன் வேண்டும். மத்தியானத்துக்கு மாற்றிக்கொள் என்றால் மாட்டான். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வெயில் கொளுத்துகிற பகல் பன்னிரண்டு மணிக்கு, சூரிய மின்சாரம் மலிந்து கிடக்கிற நேரத்தில், மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டால், மறுநாள் காலையில் குழாயைத் திறந்துகொள்ளலாம். ஆயிரக்கணக்கான மேல்நிலைத் தொட்டிகள் வெயிலைத் தண்ணீராகச் சேமித்து வைக்கக் காத்திருக்கின்றன. எந்த நேரத்தில் வேண்டுமானாலும் சரக்கை எடுத்துக்கொள்ளும் வாடிக்கைக்காரனுக்கு எந்த வியாபாரியும் விலை குறைத்துக் கொடுப்பான். ஆனால் ‘நாங்கள் எழுநூறு பேர், பகலில் எடுத்துக்கொள்கிறோம், என்ன விலை?’ என்று கேட்க ஒரு வாய் வேண்டும் அல்லவா?

இதற்கு வரும் ஆட்சேபங்களை நான் அறிவேன். ‘கட்டணம் கட்டுகிறவர்கள் எல்லாம் இப்படி விலகிப் போனால், விவசாயிக்கு இலவச மின்சாரம் யார் கொடுப்பது? ஏற்கனவே லட்சம் கோடியைத் தாண்டிய கடனில் இருக்கும் வாரியம் என்ன ஆகும்?’ என்பது முதலாவது. விவசாயிக்கு இலவச மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அது சட்டசபை செய்த வாக்குறுதி. அந்தச் செலவைச் சர்க்கார் தன் கஜானாவிலிருந்து முன்பணமாகவே கொடுக்க வேண்டும் என்று 2003-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. அதே விவசாயி நடந்துபோகும் தெருவின் விளக்குக்குக் கூடுதல் விலை வைத்து, அவன் கிணற்று மோட்டாருக்குத் தானம் செய்ததாகச் சொல்வது என்ன தர்மம்?

இரண்டாவது ஆட்சேபம், ‘பஞ்சாயத்துக்காரர்கள் திருடுவார்கள், பாக்கி வைப்பார்கள்’ என்பது. மகாராஷ்டிரத்தில் முலா-பிரவரா என்ற மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான், அது பெரும் பாக்கி வைத்து 2011-இல் விநியோக உரிமையை இழந்தது. அரசியல் செல்வாக்கு உள்ள இடத்தில் பில் வசூலிக்கத் துணியாத எந்த ஸ்தாபனமும் அப்படித்தான் முடியும். அதனால்தான் நான் வீடுவீடாக விநியோகம் செய்யச் சொல்லவில்லை. பஞ்சாயத்து தன் விளக்குக்கும் தன் மோட்டாருக்கும் வேண்டியதைச் சேர்ந்து வாங்கட்டும் என்கிறேன். இங்கே வாங்குபவனும் உபயோகிப்பவனும் ஒருவனே. பணமோ ஏற்கனவே இரண்டாம் கணக்கில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதில் யார் யாருக்குப் பாக்கி வைப்பது?

மூன்றாவது, ‘இது தனியாருக்குக் கதவு திறக்கிற தந்திரம்’ என்பது. அந்தக் கதவு திறந்து வெகுநாளாயிற்று. அதன் வழியாக ஆலைகள் போயின, கம்பெனிகள் போயின. கதவுக்கு வெளியே நிற்பது ஊர் மட்டும்தான். ஊர்கள் சேர்ந்து வாங்க வேண்டும் என்றால் தனியாரிடம்தான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? வாரியத்திடமே போய்ப் பேரம் பேசட்டுமே! கதவணை மின்சாரத்தை எங்களுக்கு நீண்டகால விலையில் கொடுங்கள் என்று கேட்கட்டுமே!

சேர்வதற்குப் புதிய வித்தை எதுவும் தேவையில்லை. மேட்டூரிலிருந்து குழாய் போட்டுப் பல ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கிற ஊர்கள், அந்தத் தண்ணீரை ஏற்றும் மின்சாரத்தை ஒரே பில்லில் வாங்கினால் என்ன குடி முழுகிப்போகும்?

தடை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் மத்திய சர்க்கார் செய்த பசுமை மின்சார விதிகள், நூறு கிலோவாட் தேவை உள்ளவர் வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்கலாம் என்றன. மறுவருஷம் அதைத் திருத்தி, ஒரே மின்கோட்டத்துக்குள் ஒரு உபயோகிப்பாளருக்குள்ள பல இணைப்புகளைச் சேர்த்து நூறு ஆனாலும் போதும் என்றார்கள். சேலம் மாநகராட்சி போன்ற பெரிய ஸ்தாபனத்துக்கு இது போதும். 32 கிலோவாட் பஞ்சாயத்துக்குப் போதாது. ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் பக்கத்துப் பஞ்சாயத்து வேறு ஆள். ஆகவே நான் கேட்பது இதுதான்: பஞ்சாயத்து யூனியனை ஒரே உபயோகிப்பாளராக ஏற்றுக்கொள்ளுங்கள். யூனியன்கள் சேர்ந்து ஜில்லா அளவில் ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொள்ளட்டும். இரண்டாம் கணக்கின் வரவு செலவைக் கிராம சபையில் வாசியுங்கள். எத்தனை யூனிட், என்ன விலை என்று ஜனங்களுக்குத் தெரியட்டும்.

இதைக் கேட்கிற வாய் பஞ்சாயத்துத் தலைவருடையதாக இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் இருக்க வேண்டும்! 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. கிராமங்களுக்குத் தேர்தல் வர 2019 டிசம்பர் ஆயிற்று, நகரங்களுக்கு 2022 பிப்ரவரி ஆயிற்று. 2025 ஜனவரியில் நம் கிராமப் பஞ்சாயத்துகள் மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் பில் கட்டுவார், பேரம் பேச மாட்டார். பேரம் பேசுவதால் அவருக்கு யாரும் ஓட்டுப் போடப் போவதில்லை. பேசாததால் யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பப் போவதுமில்லை.

பத்திரிகையில் கதை படிக்கிற வாசகர்களாகிய உங்களிடம் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் படித்தவர்கள், உங்கள் வீட்டு மின்சார பில்லில் ஐம்பது ரூபாய் கூடினால் ரீடிங் எடுப்பவரை நிறுத்தி வைத்துக் கேட்கத் தெரிந்தவர்கள். உங்கள் தெருவிளக்கின் பில்லையும் ஒரு தடவை கேளுங்கள். அடுத்த கிராம சபையில், அல்லது உங்கள் வார்டு கவுன்சிலரின் வாசலில் போய், ‘நம் ஊர் மின்சாரத்துக்கு யூனிட் என்ன விலை கொடுக்கிறது? அடுத்த ஊரோடு சேர்ந்து வாங்கினால் என்ன?’ என்று கேளுங்கள். பதில் தெரியாது என்றுதான் முதலில் சொல்வார்கள். மறுமாதம் மீண்டும் போய்க் கேளுங்கள்.